சிகாகோக்காரனுவ இன்னைக்கும் தோத்துட்டானுவளா?

சிஎஸ்கே 2025 ஐபிஎல்லில் கடைசி இடத்தில் போய் நின்றபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி. 14 ஆட்டத்தில் 4 வெற்றி, முதல்தடவையாகப் பத்தாவது இடம், ஆளாளுக்குத் தோனியை ஏசுவதும், ஏசியவனைப் பதிலுக்கு ஏசுவதுமாக ராத்திரி தூங்கும்வரை ஓடியது. நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்குப் பெரிதாக வலிக்கவும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் நான் பார்த்த சீசன் அப்படி. அமெரிக்காவில் சிகாகோ வொயிட் சாக்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருக்கிறது, 2024-இல் அவர்கள் 162 ஆட்டம் ஆடி 121-இல் தோற்றார்கள்.

கிரிக்கெட் பழகியவர்களுக்கு இந்த எண் சட்டென்று உறைக்காது. பேஸ்பாலில் நல்ல அணியும் நிறையத் தோற்கும். அதே வருஷம் கோப்பை வாங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியே லீக் ஆட்டங்களில் 64 தடவை தோற்றது. மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசிவரை அநேகமாகத் தினமும் ஆட்டம், ஒரு நாள் மழை பெய்தால் இன்னொரு நாள் ரெண்டு ஆட்டம். இவ்வளவு ஆடும்போது எதிராளி பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) ஒரு நாளாவது கை வராது, பீல்டர் பந்தை விடுவான், காற்று நமக்குச் சாதகமாக அடிக்கும், ஒன்றுக்கும் உதவாத அணி கூட இப்படித் தட்டுத்தடுமாறி ஐம்பது அறுபது ஆட்டம் ஜெயித்துவிடும். அதனால்தான் 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120 என்ற எண்ணை அறுபது வருஷத்துக்கு மேல் யாராலும் தாண்ட முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிஎஸ்கேயின் அந்தக் கேவலமான சீசனில் கூட வெற்றி நூற்றுக்கு 28-க்கு மேல். வொயிட் சாக்ஸுக்கு 25.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்றால், என் அக்கா மகன். ஐடி வேலையாகச் சிகாகோ போனவன் போன கொஞ்ச நாளிலேயே பேஸ்பால் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த ஊரில் ரெண்டு அணி. வடக்குப் பக்கம் கப்ஸ், அங்கே டிக்கெட் விலை கையைக் கடிக்கும். தெற்குப் பக்கம் வொயிட் சாக்ஸ், சல்லிசாகக் கிடைக்கும். நம்ம பையன் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே சாயங்காலம் 6:40-க்கு ஆட்டம் தொடங்கினால் நமக்கு விடிகாலை 5:10. கடை திறக்க நேரம் கிடக்கிறது, காபி குடித்துக்கொண்டே போனில் ஸ்கோர் பார்க்கலாம். இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி, 22 தோல்வி. அந்தத் தொடக்கத்திலேயே எங்க அம்மாவுக்கு, அதாவது அவனுக்கு ஆச்சிக்கு, விஷயம் பிடிபட்டுவிட்டது. பேஸ்பால் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வரும்போது ஒரே கேள்வி.

"என்னல, சிகாகோக்காரனுவ இன்னைக்கும் தோத்துட்டானுவளா?"

"ஆமாம்மா."

"அவனுவளுக்குச் சம்பளம் உண்டுமா?"

"உண்டு. ஆறு கோடிக்குக் குறைஞ்சு ஒருத்தனுக்கும் கிடையாது." (மேஜர் லீக், அதாவது இவர்கள் ஆடும் முதல்தர லீக்கில், அந்த வருஷம் குறைந்தபட்ச சம்பளம் 7,40,000 டாலர்.)

"பொறவு நீ என்னத்துக்குல வெசனப்படுத?"

வருத்தம் என்றும் சொல்ல முடியாது. தோற்பதில் இத்தனை வகை உண்டா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரேயடியாக உதை வாங்கித் தோற்பது அலுப்பு, அதில் பேச ஒன்றுமில்லை. 162 ஆட்டத்திலும் சேர்த்து 507 ரன்தான் எடுத்தார்கள், ஆட்டத்துக்கு மூன்று சொச்சம், கொடுத்தது 813. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், இந்தக் கணக்கில் பாதி நாள் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே போனைக் கீழே வைத்துவிடலாம். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் புதிது புதிதாக வழி கண்டுபிடித்துத் தோற்றார்கள் பாருங்கள், அதுதான் விசேஷம்.

மே 23-ஆம் தேதி ஆட்டத்தைச் சொல்கிறேன். சொந்த மைதானம், எதிரணி பால்டிமோர் ஓரியோல்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், வொயிட் சாக்ஸ் 6, ஓரியோல்ஸ் 8. ஒரு அவுட்தான் ஆகியிருக்கிறது, முதல் பேஸிலும் ரெண்டாவது பேஸிலும் ஆள் நிற்கிறார்கள் (பேஸ் என்பது ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடம்), பேட் செய்பவர் ஆண்ட்ரூ பெனின்டெண்டி. சரியாக ஒரு பந்து மாட்டினால் ஆட்டம் திரும்பிவிடும். மாட்டியது நேரே மேலே போனது, ரெண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஷார்ட்ஸ்டாப் என்ற பீல்டர் நிற்கிற பக்கம், சின்னப் பையன் கூடப் பிடித்துவிடும் கேட்ச். இந்த மாதிரிப் பந்தை பீல்டர் வேண்டுமென்றே கீழே விட்டுவிட்டு, பேஸில் திணறி நிற்பவர்களில் ரெண்டு பேரை அவுட்டாக்கும் தந்திரம் ஒன்று இருப்பதால் அதைத் தடுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் பேட்டர் அவுட் என்று அறிவித்துவிடுவார், பேஸில் நிற்பவர்கள் பதறாமல் தங்கள் இடத்திலேயே இருக்கலாம். அறிவித்தார். ரெண்டாவது அவுட். ரெண்டாவது பேஸை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்திருந்த ஆண்ட்ரூ வான் திரும்பித் தன் இடத்துக்குப் போகிறார், பந்தைப் பார்த்துக்கொண்டே வருகிற ஷார்ட்ஸ்டாப் கன்னர் ஹெண்டர்சன் வழியில் அவர் நிற்கிறார். இடித்துத் தள்ளியதெல்லாம் இல்லை. ஹெண்டர்சன் பந்தை நிம்மதியாகப் பிடித்தும்விட்டார். ஆனால் குறுக்கே வந்துவிட்டார் என்று வானையும் அவுட் என்றுவிட்டார்கள். மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. ஒரே பந்தில் ரெண்டு பேர் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதிய விதி, அந்த விதியை அறிவித்த பந்திலேயே ரெண்டு பேர் போய்விட்டார்கள்.

மருமகன் அன்றைக்கு மைதானத்தில் இருந்தான். இங்கே நான் குளித்துக் கிளம்புகிற நேரம், போன் வருகிறது.

"மாமா, முடிஞ்சு போச்சுங்கானுவ. எதுக்கு முடிஞ்சுதுன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியல. பக்கத்துல ஒரு பெரியவரு சோளப்பொரிய மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு."

ஜூலை 10 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி. முதல் நாளே ரெண்டு ஆட்டம், ரெண்டும் போச்சு. நடுவில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்காகச் சில நாள் விடுமுறை வந்தது, அந்த நாட்களில் மட்டும் தோற்கவில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம், காட்டுக்குள்ளே சிக்னல் கிடையாது, எனக்கும் அது ஒரு நிம்மதி. மறுநாள் மலை இறங்கிப் பாபநாசம் வந்ததும் போன் உயிர்பெற்று டிங் டிங் என்று அடிக்கிறது. மருமகனிடமிருந்து வந்தது ஒரே எண்: 20. வேறு ஒரு எழுத்து இல்லை. 21-ஆவது தோல்வியில் அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் ரெண்டு பாதிகளில் இவர்கள் ஆடும் பாதி) மோசமான சாதனையை, 1988-இல் ஓரியோல்ஸ் வைத்ததை, எட்டிப்பிடித்தார்கள். அடுத்த நாள் ஓக்லாந்தில் 5-1 என்று ஜெயித்தார்கள். அதற்கு ரெண்டு நாள் கழித்து மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள் (கோச்சை அங்கே மேனேஜர் என்பார்கள்). தோற்றுக்கொண்டிருந்தபோதெல்லாம் வைத்திருந்துவிட்டு ஜெயித்த பிறகு அனுப்பியதன் தர்க்கம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிரேடி சைஸ்மோரைத் தற்காலிகமாகப் போட்டார்கள், தோல்வி பாட்டுக்குத் தொடர்ந்தது.

என்னைக் கேட்டால் கிரிஃபோல் மேலேயும் ஆடியவர்கள் மேலேயும் பாதிக் குற்றம்கூடக் கிடையாது. இந்த அணி 2021-இல் 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் வந்தது. 2022-இல் 81 வெற்றி 81 தோல்வி, 2023-இல் 101 தோல்வி, 2024-இல் 121. நல்ல ஆட்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகப் போனார்கள், சிலரை விற்றார்கள், சிலரைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், மிச்சப்பட்டவர்களில் பாதிப் பேர் காயம். சீசன் தொடங்கும் முன்பே, மார்ச்சில், டிலன் சீஸ் என்ற பிட்சரை சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். ஜூலை 25-ஆம் தேதி அவர் அந்த அணிக்காக, எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் (ஒருத்தரும் அடித்துப் பேஸ் சேராமல்) முழு ஆட்டத்தையும் வீசி முடிக்கிறார், அன்றைக்கு வொயிட் சாக்ஸ் தோல்வி வரிசையின் நடுவில் கிடக்கிறது. அதே மாதக் கடைசியில் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்த மைக்கேல் கோபெக் அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் என்கிற அந்த லீக் கோப்பையோடு நிற்கிறார்.

காரெட் குரோஷே கதை இன்னும் சுவாரசியம். அவரும் பிட்சர், அந்த நாசமாய்ப்போன அணியிலும் 209 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஸ்டிரைக் அவுட் ஆக்கினார், ஆனால் (வெற்றி தோல்வியைப் பிட்சர் பேரிலும் எழுதுவார்கள்) அவர் கணக்கில் 6 வெற்றி, 12 தோல்வி. சீசன் முடிந்து டிசம்பரில் பாஸ்டனுக்குப் போனார். 2025-இல் 18 வெற்றி, 5 தோல்வி. ஆள் அதே ஆள், இடது கை அதே கை.

மேனேஜரை மாற்றினால் தீராது என்று சிகாகோ ஜனங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மைதானத்தில் அவர்கள் போட்ட கோஷம் "டீமை வித்துத் தொலை". முதலாளி ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் 1981-இல் இந்த அணியை வாங்கியவர். மைக்கேல் ஜோர்டான் ஆடிய சிகாகோ புல்ஸும் அவருடையதுதான். ஜோர்டான் கூடைப்பந்தை விட்டுவிட்டு 1994-இல் பேஸ்பால் ஆடுகிறேன் என்று போனதும் வொயிட் சாக்ஸின் சிறிய அணி ஒன்றில்தான், அது வேறு கதை. 2005-இல் 88 வருஷம் கழித்து வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வாங்கியதும் இதே முதலாளி காலத்தில்தான், அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனாலும் கோஷத்தில் தப்பில்லை.

பேஸ்பால் வரலாற்றில் படு கேவலமாகத் தோற்ற அணிகளைத் தேடிப் படித்தேன், எங்கே தோண்டினாலும் அடியில் ஒரு முதலாளி கிடைக்கிறார். 1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்று ஒரு அணி, 20 வெற்றி, 134 தோல்வி. அதன் முதலாளிகளான சகோதரர்கள் செயின்ட் லூயிஸில் இன்னொரு அணியையும் வாங்கி, கிளீவ்லாந்தின் நல்ல ஆட்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். கிளீவ்லாந்து மைதானத்துக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை, மற்ற அணிகள் அங்கே வந்தால் வண்டிச் செலவு கூடத் தேறாது என்று ஒதுங்க, பெரும்பாலான ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடித் தோற்றார்கள். அத்தோடு அணியே காலி. 1916-இல் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ், 36 வெற்றி, 117 தோல்வி. அவர்களும் ரெண்டு வருஷம் முன்னால்வரை லீக்கில் முதலிடம் வந்தவர்கள், சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று நட்சத்திரங்களைக் கலைத்துவிட்டார்கள்.

1962 மெட்ஸ் மட்டும் வேறு மாதிரி. அது அந்த வருஷம்தான் பிறந்த அணி, மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்ட ஆட்களை வைத்து ஆரம்பித்தது. நியூயார்க் ஜனங்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள், ஏழு வருஷத்தில் 1969-இல் கோப்பையும் வந்துவிட்டது. புதுசாகத் திறந்த ஓட்டலில் சாம்பார் உப்புக் கரித்தால் போகட்டும், கை பழகட்டும் என்று மறுபடியும் போவோம். முப்பது வருஷமாக நல்லா ஓடிக்கொண்டிருந்த ஓட்டலில் முதலாளி காசை மிச்சம் பிடிக்க மாஸ்டரை அனுப்பிவிட்டு அதே விலைக்கு ஊசின சாம்பாரை ஊற்றினால் சும்மா விடுவோமா? வொயிட் சாக்ஸுக்கும் மெட்ஸுக்கும் வித்தியாசம் அதுதான்.

நம் ஊர் தோல்வி ஒன்றும் ஞாபகம் வருகிறது. 2023 டிஎன்பிஎல் இறுதிப் போட்டி தாழையூத்து சங்கர் நகர் மைதானத்திலேயே நடந்தது, நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நானும் கேலரியில் இருந்தேன். சொந்த ஊரில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அப்படி ஒரு அடி. ஆனால் ஒரு ராத்திரியோடு முடிந்துவிட்டது, வரும் வழியில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டே திட்டித் தீர்த்துவிட்டோம். மறுநாள் காலையில் எழுந்து மறுபடி தோற்க வேண்டிய கட்டாயம் அந்தப் பையன்களுக்கு இல்லை.

இன்னொரு கூத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கடைசியில் வருகிற அணிக்கு ஒரு ஆறுதல் உண்டு, அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வரும் இளம் ஆட்களை எடுக்கும்போது முன்வரிசையில் இடம் கிடைக்கும். அதற்காகவே வேண்டுமென்று தோற்கிறார்கள் என்ற புகார் வந்ததால் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். அதிலும் பெரிய வருமானமுள்ள ஊர் அணிகள் அடுத்தடுத்த வருஷம் குலுக்கலில் கலந்துகொள்ள முடியாது என்று ஒரு விதி. சிகாகோ பெரிய ஊர், முந்தின வருஷம் குலுக்கலில் இடம் வாங்கியாகிவிட்டது. எனவே 1900-க்குப் பிறகு ஒரு சீசனில் அதிகமாகத் தோற்றவர்களுக்குப் பத்தாவது இடம்தான் கொடுத்தார்கள். தோற்றதற்கான கூலி கூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 22-இல் 120-ஆவது தோல்வி, மெட்ஸோடு சமம். அடுத்து சொந்த மைதானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணியோடு மூன்று ஆட்டம். 121-ஐ நேரில் பார்த்துவிட வேண்டும் என்றே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள், மருமகனும் வாங்கினான். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, மூன்றையும் ஜெயித்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் பின்னாலிருந்து வந்து 3-2, ரெண்டாவதில் பத்தாவது இன்னிங்ஸில் 4-3, அந்த ரெண்டிலும் அடித்தது மே மாதம் மேலே தூக்கி அடித்த அதே பெனின்டெண்டி, மூன்றாவது 7-0.

"காசு கொடுத்துத் தோல்விய பாக்க வந்தா அதையும் ஒழுங்காத் தரமாட்டேங்கானுவ மாமா" என்றான். அந்த வருஷம் மைதானத்தில் அவன் குறை சொல்லாத ஒரே பொருள் அங்கே விற்ற கேம்ப்ஃபயர் மில்க் ஷேக், சாக்லேட் ஐஸ்கிரீமும் மார்ஷ்மெல்லோவும் போட்டது. ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு, ஆட்டத்தைவிட அதற்குத்தான் ஆள் நிற்கிறார்கள் என்று படம் வேறு அனுப்பினான்.

121 கடைசியில் டெட்ராய்டில் வந்தது, செப்டம்பர் 27. நமக்குப் புரட்டாசி சனிக்கிழமை விடிகாலை, அம்மா கருங்குளம் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். 4-1. அதே ஆட்டத்தை ஜெயித்ததில் டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருஷம் கழித்து அடுத்த சுற்றுக்குள் போனார்கள், மைதானமே துள்ளிக் குதிக்கிறது. 2003-இல் 119 ஆட்டம் தோற்று அமெரிக்கன் லீக்கின் மோசமான சாதனையை வைத்திருந்ததும் இந்த டைகர்ஸ்தான், அந்தச் சுமையை வொயிட் சாக்ஸ் 120-ஆவது தோல்வியிலேயே தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டது. மிச்சம் இருந்த ரெண்டு ஆட்டத்தையும் வொயிட் சாக்ஸ் ஜெயித்தது. யாருக்கு வேண்டும்?

2025-இல் கொஞ்சம் தேவலை, 60 வெற்றி, 102 தோல்வி. அந்த வருஷம் மே மாதம் சிகாகோக்காரர் ஒருவர் பதினான்காம் லியோ என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார், அவர் வொயிட் சாக்ஸ் ரசிகர், 2005 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தைக் கேலரியில் இருந்து பார்த்தவர் என்றெல்லாம் செய்தி வந்தது. எங்கள் கடைக்கு எதிர்த்த டீக்கடையில் கத்தோலிக்க நண்பர் ஒருவர் உண்டு, ஞாயிறு தவறாமல் சவேரியார் பேராலயம் போகிறவர். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப நல்லா ஜெபம் பண்ணத் தெரிஞ்சவருதான்வே" என்றார்.

கோஷம் போட்டவர்களுக்கும் அடுத்த மாதம் ஒரு பதில் வந்தது. அப்போது 89 வயதான ரெய்ன்ஸ்டார்ஃப் ஜஸ்டின் இஷ்பியா என்ற பணக்காரரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார், 2029-இலிருந்து 2033-க்குள் விருப்பப்பட்டால் அணியை அவருக்கு விற்கலாம், 2034 சீசன் முடிந்த பிறகு இஷ்பியா கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். மருமகனுக்கு போன் போட்டு, "என்னடே, உங்காளு விக்கப் போறாராமே" என்றேன்.

"வித்துருவாரு மாமா. அதுக்குள்ள எனக்கு கிரீன் கார்டு வருமாங்கதுதான் தெரியல."